விம்மும் ஹைக்கூவும் தாத்தாவின் சிடியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பாதி கம்ப்யூட்டர் மேட்டர், பாதி வீட்டு மேட்டர். கம்ப்யூட்டர் பிடிக்காதவர்கள் நடுவில் நாலைந்து பாராவைத் தாண்டிக்கொள்ளலாம். லேகியம் பிடிக்காதவர்கள் கடைசியைத் தாண்டலாம். இரண்டுமே பிடிக்காதவர்கள்... வந்ததே வந்தீர்கள், ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுப் போங்கள் :-)

எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு லேப்டாப் கிடந்தது. 2011-ல் தமிழக அரசு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அக்கா 2013-ல் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. இரண்டு ஜிபி மெமரி. பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு, ஆனால் சார்ஜரைச் செருகினால் சமத்தாக ஓடும். அதில் விண்டோஸும், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. மூன்றாம் வருஷ செமஸ்டர் லீவில் அதைக் கீழே இறக்கினேன். இரண்டையும் துடைத்து அழித்துவிட்டு ஹைக்கூ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். (பாஸ் லினக்ஸை அழித்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது பின்னால் வரும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஹைக்கூ என்றதும் மூன்று வரிக் கவிதை என்று நினைக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் சுற்றிவளைத்து. தொண்ணூறுகளில் பிஓஎஸ் என்று ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது. அதன் பிரவுசரில் ஏதாவது பக்கம் திறக்காவிட்டால் பிழைச் செய்தி ஹைக்கூ கவிதையாக வரும். 2001-ல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. அந்த சிஸ்டத்தை நேசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே வருஷமே, பெரும்பாலும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள். 2004-ல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். முதல் பீட்டா 2018-ல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது. நம்மூர் மேம்பால வேலையெல்லாம் அதற்கு முன்னால் ரொம்ப ஃபாஸ்ட்.

ஏன் இதைப் போட்டாய் என்று கேட்டால் நேர்மையான பதில்: சும்மா. ஓஎஸ் பேப்பரில் படித்ததெல்லாம் பரீட்சையோடு போய்விட்டது. யாரும் உபயோகிக்காத ஒன்றில் ஒரு வேலையைச் செய்துபார்த்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும் என்று ஒரு நினைப்பு. செய்ய எடுத்துக்கொண்ட வேலை, விம் எடிட்டரை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது. ஹைக்கூவுக்கு விம் தயாராகவே கிடைக்கிறது, ஒரு கிளிக்கில் இறங்கிவிடும். அப்படிச் செய்தால் லீவு எப்படிப் போகும்?

"என்னடா பண்றே மூணு நாளா?" என்று அம்மா கேட்டாள்.

"விம் போடறேம்மா."

"விம்மா? அது சிங்க் பக்கத்துலதானே இருக்கு. போட்டா ரெண்டு பாத்திரத்தையும் தேய்ச்சு வை."

விம் விஷயத்தில் எனக்கு வீட்டில் கிடைத்த ஒரே டெக்னிகல் சப்போர்ட் இதுதான்.

சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். விம்மின் சோர்ஸ் லட்சக்கணக்கான வரிகள். அது எந்த மெஷினுக்குப் போகிறது என்று அதற்கே தெரியாது. அதனால் முதலில் 'கான்ஃபிகர்' என்று ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் மாதிரி அது கேள்வி கேட்கும். மெட்ரோ வாட்டர் வருமா, லாரியா? மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க? துணி காயப்போட மொட்டைமாடி உண்டா? வீட்டுக்காரர் சொல்வதை அது நம்பாது. குழாயைத் திறந்து பார்க்கும். அதாவது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டி சி புரோகிராம் எழுதி, கம்பைல் செய்து, ஓடுகிறதா என்று பார்க்கும். எல்லாப் பதிலையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம்தான் குடிவரும்.

என் வீட்டில் முதல் குழாயிலேயே தண்ணீர் வரவில்லை. மெமரி கம்மி என்று 32 பிட் ஹைக்கூவைப் போட்டிருந்தேன். அந்த 32 பிட் பதிப்பு, பழைய பிஓஎஸ் புரோகிராம்கள் இன்றும் ஓட வேண்டும் என்பதற்காக ஜிசிசி 2.95 கம்பைலரை வைத்திருக்கிறது. அந்த வரிசை வந்தது 1999-ல். நான் பிறப்பதற்கு முன்னால்! இன்றைய விம் சோர்ஸை அதன் தலையில் கட்டியதும் திரை முழுக்கத் திட்டு. தாத்தா காலத்து ஆளிடம் ரீல்ஸைக் காட்டின மாதிரி. ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு பிழையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதே சிஸ்டத்தில் புதிய ஜிசிசியும் பக்கத்து ரூமில் உட்கார்ந்திருக்கிறது என்று. 'செட்ஆர்ச் எக்ஸ்86' என்று ஒரு கட்டளை கொடுத்தால் அது எழுந்து வரும். ஒரு நாள் போச்சு.

அடுத்த கேள்வியில் மறுபடி நின்றது. டெர்மினல் லைப்ரரி இல்லை, என்கர்சஸ் மாதிரி ஏதாவது நிறுவு என்று சொன்னது. கர்சரை எங்கே நகர்த்துவது, திரையை எப்படித் துடைப்பது என்று எடிட்டருக்குச் சொல்லித்தரும் லைப்ரரி அது. அதை நான் நிறுவியாச்சே! திரும்ப நிறுவினேன். திரும்ப அதே பதில். கான்ஃபிகர் எழுதி வைக்கும் நீண்ட லாக் கோப்பை அன்றைக்குத்தான் பொறுமையாக முதலிலிருந்து படித்தேன். நான் நிறுவியது பழைய கம்பைலருக்கான தொகுப்பு. புதியதற்கு, பெயரில் எக்ஸ்86 என்று ஒட்டு வைத்த இன்னொரு தொகுப்பு இருக்கிறது. இரண்டு சமையலறை உள்ள வீட்டில் ஒன்றில் கேஸ் கனெக்‌ஷன் வாங்கிவிட்டு இன்னொன்றில் அடுப்பு எரியவில்லை என்று அழுதிருக்கிறேன்.

மூன்றாவது தப்பு முழுக்க என்னுடையது. லினக்ஸ் நோட்ஸைப் பார்த்து, வழக்கம்போல் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற இடத்தில் நிறுவச் சொன்னேன். ஹைக்கூவில் மேலே தெரிகிற வேர் டைரக்டரி வெறும் மெமரியில் நிற்கிற தோற்றம். டிஸ்க் என்பது 'பூட்' என்ற டைரக்டரிக்குக் கீழேதான். அதிலும் சிஸ்டத்தின் பெரும்பகுதியில் எழுத முடியாது, அது தொகுப்புகளின் இடம். நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 'நான்-பேக்கேஜ்டு' என்று ஒரு திண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள். அமைப்புக் கோப்பும் புள்ளி வைத்து ஒளிந்திருக்காது. கான்ஃபிக், அதற்குள் செட்டிங்ஸ், அதற்குள் விம். அவர்கள் வீட்டு வழக்கம் அது. நாம்தான் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, எப்படியாவது ஓடினால் போதும் என்று இருப்பதிலேயே சின்ன உருவத்தைத் தேர்ந்தெடுத்தேன். விம்மை டைனி, நார்மல், ஹியூஜ் என்று மூன்று அளவில் தைக்கலாம். டைனி பன்னிரண்டு நிமிஷத்தில் தைத்து முடிந்தது. திறந்தது. ஓடியது. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹாலில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

அப்புறம் தூக்கம் வராமல் சோர்ஸைப் புரட்டியபோது ஒன்று கவனித்தேன். அமிகா கம்ப்யூட்டருக்கான கோப்பு இன்னும் அதில் இருக்கிறது. விம்மின் கதையே அங்கேதான் ஆரம்பம். விஐ எடிட்டரை பில் ஜாய் 1976-ல் பெர்க்லியில் எழுதினார். அதன் சோர்ஸில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் லைசென்ஸ் சிக்கல் இருந்ததால், வீட்டில் சின்ன மெஷின் வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அடாரி எஸ்டி வைத்திருந்த டிம் தாம்ப்ஸன் 1987-ல் ஸ்டீவி என்று ஒன்றை எழுதினார். நெதர்லாந்தில் பிராம் மூலனார் என்ற இளைஞர் 1988-ல் ஒரு அமிகா வாங்கினார், அதில் விஐ இல்லை. ஸ்டீவியை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். 1991-ல் அது விம் என்று வெளிவந்தது. யூனிக்ஸுக்கு வந்தது அடுத்த வருஷம்தான். ஆக, வேறு ஏதோ விநோதமான சிஸ்டத்தில் ஒருத்தன் ராத்திரி உட்கார்ந்து மல்லுக்கட்டியதில் பிறந்ததுதான் இது. 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி அவர் இறக்கும் வரை முப்பது வருஷத்துக்கும் மேல் அதை அவரே பார்த்துக்கொண்டார். பணம் கேட்கவில்லை. கொடுக்க விரும்புகிறவர்கள் உகாண்டாவில் உள்ள குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். அதைப் படித்த பிறகு என் ஒன்றரை மணிக் கைதட்டல் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்படியே புரட்டிக்கொண்டு போனபோதுதான் அந்தக் கோப்பு கண்ணில் பட்டது. கீமேப் என்ற டைரக்டரியில் அரபி, கிரேக்கம், ஹீப்ரு என்று வரிசை. நடுவில் 'தமிழ் திஸ்கி'!

எழுதியவர் ஏகப்பன் லட்சுமணன். விம் உலகத்தில் பெரிய கை. டேக்லிஸ்ட் என்ற பிரபலமான இணைப்பை எழுதியவர். பிராமுக்குப் பிறகு விம்மைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் ஒருவர். முரசு அஞ்சலின் விசை அமைப்பைப் பின்பற்றி, விம்மில் தமிழ் அடிக்க வழி செய்திருக்கிறார். ரோமன் விசையில் எதைத் தட்டினால் எந்த எண் வர வேண்டும் என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். பார்த்ததும் எனக்கு ஏனோ மண்டைக்குள் ஒரு மணி அடித்தது. முரசு அஞ்சல். இந்தப் பெயரை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஒரு சிடி உறையின் மேல், நீல மசியில், தாத்தாவின் கையெழுத்தில்!

இப்போது வீட்டு மேட்டர்.

தாத்தா ஒரு ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். 2001 வாக்கில், பனகல் பார்க் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, பேரன் வயசுப் பசங்களோடு உட்கார்ந்து தமிழில் அடிக்கக் கற்றுக்கொண்டார். அப்புறம் வீட்டிலேயே ஒரு செகண்ட்ஹேண்ட் மெஷின். 2009-ல் அவர் போன பிறகு மெஷின் எடைக்குப் போனது. சிடி மட்டும் பீரோவில் தங்கியது.

இந்த வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. நாள் நெருங்க நெருங்க அம்மாவுக்கு ஒரே கவலை, பிள்ளை பெற்ற மருந்து. எங்கள் வீட்டில் அதைப் பாட்டிதான் கிளறுவாள். அம்மாவுக்குக் கிளறியதும் பாட்டிதான். யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பாட்டிக்கு இப்போது எண்பத்தி நாலு வயசு. என் பெயரே நாலு பெயர் சொல்லிவிட்டு அஞ்சாவதாகத்தான் வரும். மருந்தைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் அவர்தான் டைப் அடிச்சு வெச்சாரே" என்பாள். அடுத்த நாள் கேட்டால், "என்ன மருந்து?"

சிடியை அடையாறில் இருக்கும் நண்பனிடம் கொடுத்து, அவனுடைய டிரைவில் போட்டுப் பென்டிரைவில் காப்பி செய்து வாங்கினேன். "டேய், எல்லாம் கரப்ட் ஆயிடுச்சுடா, வெறும் பூச்சியா இருக்கு" என்றான். நானும் திறந்து பார்த்தேன். பூச்சிதான். ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அமெரிக்க சென்ட் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில யு. அம்மாவிடம் "டிஸ்க் போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது கீமேப் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தேன். முக்கால் 190, த. கோடு போட்ட ஏ 193, ம. சென்ட் 162, இகரக் கொக்கி. கோடு போட்ட யு 250, ழ். 'தமிழ்'!

எதுவும் கரப்ட் ஆகவில்லை. டிஸ்க் இருபது வருஷமாகத் தமிழ் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

திஸ்கி என்றால் என்ன என்று என் வயசுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டாலும், அது எல்லார் கம்ப்யூட்டருக்கும் வந்துசேர ரொம்ப வருஷமாச்சு. அதுவரை ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு குறியீடு. கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு வெளியிட்ட இலவச ஃபான்ட்டின் பெயரே மயிலை. ஒருத்தர் அடித்ததை இன்னொருத்தர் படிக்க முடியாத நிலைமை. தொண்ணூறுகளின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே பேசிப் பேசி உருவாக்கிய பொதுக் குறியீடுதான் திஸ்கி. 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டம் பழைய தமிழ் நூல்களை வருஷக்கணக்காக அதில்தான் வழங்கியது.

மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மிச்சத்தில் தமிழின் 247 எழுத்தும் நுழையாது. அதனால் உயிர், அகரமேறிய மெய், புள்ளி வைத்த மெய், கு வரிசை, கூ வரிசை ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம். மற்றதெல்லாம் கால், கொம்பு, கொக்கி என்று உதிரி பாகமாக. 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். நாம் ஸ்லேட்டில் எழுதிய வரிசை. தாத்தாவின் டைப்ரைட்டர் வரிசையும் அதுதான். யூனிகோடு அப்படி இல்லை. அதில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. வாய் சொல்கிற வரிசை. ஆக மாற்றுவதற்கு அட்டவணை மட்டும் போதாது. கொம்பைக் கண்டால் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்து போன பிறகு அதன் பின்னால் வைக்க வேண்டும். அதற்கு அடுத்து கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

விம்மிடம் 'இந்தக் கோப்பு திஸ்கி' என்று சொல்லித் திறந்து பார்த்தேன். முடியாது என்றது. விம் இந்த வேலைக்கு ஐகான்வ் என்ற லைப்ரரியை நம்பியிருக்கிறது. ஹைக்கூவில் இருக்கும் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியாது. ஆனால் விம்மில் ஒரு பின்வாசல் உண்டு. 'சார்கன்வர்ட்' என்ற ஆப்ஷன். லைப்ரரிக்குத் தெரியாத குறியீடு என்றால், நாம் எழுதிக் கொடுக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடும். உற்சாகமாக எழுதி ஓட்டினால்... என் டைனி விம்மில் அந்த ஆப்ஷனே கிடையாது. ஸ்கிரிப்ட் மொழியையே வெட்டிவிட்டுத்தானே டைனி ஆக்கியிருக்கிறார்கள்! மறுபடி கான்ஃபிகர், இந்த முறை நார்மல். அரை மணி நேரம் லேப்டாப் ஃபேன் அலறியது. குடிவந்த பிறகுதான் மொட்டைமாடி தேவை என்று தெரிந்தால் வேறென்ன செய்வது.

முதலில் சோதனைக்கு எடுத்துக்கொண்டது தாத்தா 2004-ல் குடிநீர் இணைப்பு பற்றி எழுதிய ஒரு புகார்க் கடிதம். கொம்பு பிடிக்கும் இடத்தில் 184 முதல் 201 வரை உள்ள பதினெட்டு மெய்களை மட்டும் எழுதியிருந்தேன். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் 130களில் தனியாக இருப்பதை மறந்துவிட்டதால், கஜேந்திரன் என்ற பெயரில் கொம்பு அந்தரத்தில் தொங்கியது. திருத்தினேன். கடிதம் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. 'தங்கள் உண்மையுள்ள' வரைக்கும்.

அப்புறம் 2002-ல் அடித்த மருந்துக் கோப்பு. அதுவும் வந்தது. சுக்கு, மிளகு, ஓமம், சீரகம், சித்தரத்தை. கூடவே தீபாவளி மருந்து, சீரகக் கஷாயம் என்று எட்டு பத்து பக்குவம். 'ரண்டு பலம்' என்று இருந்தது. பாட்டி சொல்லச் சொல்ல அப்படியே அடித்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். 'லவங்கம்' என்று இருந்தது, சரி. தீபாவளி மருந்துக்கு வந்தபோது 'ஞ்சியைத் தோல் சீவி' என்று இருந்தது.

ஞ்சி?

மேலே போய்ப் பார்த்தேன். இரண்டு, ரண்டு ஆகியிருக்கிறது. இலவங்கம், லவங்கம் ஆகியிருக்கிறது. அடுப்பிலிருந்து 'றக்கி'யிருக்கிறார்கள். கோப்பு முழுக்க ஒரு 'இ' கூட இல்லை. விம்மோடு வரும் எக்ஸ்எக்ஸ்டி என்ற கருவியை வைத்து எண் எண்ணாகப் பிரித்துப் பார்த்தேன். 'இ' இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் 173. என் அட்டவணையில் 'இ' என்பது 254.

கதை இதுதான். திஸ்கியின் பழைய பதிப்பில் 'இ' உட்கார்ந்திருந்தது 173-ல். மற்ற உலகத்தில் 173 என்பது மென்கோடு. வரி உடைந்தால் மட்டும் தெரியும், மற்ற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சில மென்பொருள்களில் 'இ' மாயமாகிவிடும். அடுத்த பதிப்பான 1.7-ல் அதை 254-க்குக் குடிமாற்றினார்கள். தாத்தா நடுவில் சாஃப்ட்வேர் மாற்றியிருக்கிறார். கடிதம் புதுசு, மருந்து பழசு.

இதில் எனக்குப் பயமாக இருந்தது 'இ' போனது இல்லை. அது சத்தமில்லாமல் போனதுதான். தெரியாத எண் வந்தால் விட்டுவிட்டு மேலே போ என்று எழுதியவன் நான்தான். புகார்க் கடிதத்தில் ஒரு எழுத்து விழுந்தால் பரவாயில்லை. இது பச்சை உடம்புக்காரி சாப்பிடப்போகிற மருந்து. 'ஞ்சி' கண்ணில் பட்டது, படாமல் வேறு எது போயிருக்கும்? அன்றைக்கு ராத்திரி ஸ்கிரிப்ட்டை மாற்றினேன். தெரியாததை விழுங்காதே, அந்த எண்ணையே அடைப்புக்குள் எழுதிக் காட்டு. உள்ளே எத்தனை பைட் போனது, எத்தனைக்குக் கணக்கு வந்தது என்று கடைசியில் சொல். இரண்டும் ஒன்றாகும் வரை நிறுத்தவில்லை. ஆனது. நாலு வருஷ இன்ஜினியரிங்கில் எனக்கு உருப்படியாக ஏதாவது தெரியும் என்றால் இந்த ஒரு வரிதான்.

அடையாறு நண்பனுக்குப் பெருமையாகப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "திஸ்கியா? இரு" என்றான். கீபோர்டு சத்தம் பத்து செகண்டு. "வந்துடுச்சே. லினக்ஸ்ல ஐகான்வுக்கே திஸ்கி தெரியும்டா. ஒரே வரி."

லினக்ஸ். பரணிலிருந்து இறக்கிய அன்றைக்கே நான் துடைத்து அழித்த பாஸ் லினக்ஸிலும் அது இருந்திருக்கும். பரவாயில்லை, அவன் ரிசல்ட்டையும் என் ரிசல்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மருந்துக் கோப்பில் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. சரிபார்க்கவாவது ஆச்சு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இன்னொரு கூத்தும் பாக்கி இருந்தது. சரியாக மாற்றியாச்சு, தமிழ் ஃபான்ட்டும் போட்டாச்சு, ஆனால் ஹைக்கூ டெர்மினலில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நின்றது. யூனிகோடில் வாய் சொல்கிற வரிசையில் வருவதைக் கை எழுதுகிற வரிசைக்கு மாற்றிக் காட்டுவது சிஸ்டத்தின் வேலை. என் ஹைக்கூவுக்கு அது தெரியவில்லை. திஸ்கி ஏன் கொம்பை முன்னால் வைத்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத மெஷினிலும் தமிழ் தெரிய வேண்டும், அதற்காக. சிஸ்டம் உதவாது என்று தெரிந்து, அந்த வேலையையும் தாங்களே தலையில் போட்டுக்கொண்டு செய்தவர்கள். கடைசியில் கோப்பைப் போனுக்கு அனுப்பி, போனில்தான் படித்தோம்.

பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தேன். அம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள். பாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். 'கண்டந்திப்பிலி இரண்டு பலம்' என்று வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டு இல்ல. ஒண்ணு. நான் ஒண்ணுன்னுதான் சொன்னேன். அவருக்குக் காது மந்தம்."

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி எக்ஸ்எக்ஸ்டி. பைட்டுக்கு பைட் சரி. தாத்தா இரண்டு என்றுதான் அடித்திருக்கிறார். இருபது வருஷம் முந்தின காது தப்பா, இன்றைக்கு இருக்கிற ஞாபகம் தப்பா? இதற்கு ஐகான்வ் கிடையாது.

மறுநாள் கச்சேரி ரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பட்டியலைக் காட்டினோம். கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மற்ற அளவையெல்லாம் பார்த்தார். "இந்த வெல்லத்துக்கு ஒண்ணு போதும்மா. ரெண்டு போட்டா காரம் தாங்காது. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றார்.

அம்மா நோட்டில் இரண்டை அடித்து ஒன்று என்று திருத்தினாள். நான் கோப்பைத் திருத்தவில்லை. தாத்தா அடித்தது அப்படியே இருக்கட்டும் என்று, கீழே ஒரு வரி சேர்த்து, தேதி போட்டு வைத்தேன். அதை அடித்தது ஹைக்கூவில், நானே தைத்த விம்மில். கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நிற்க நிற்க, குருட்டாம்போக்கில்.

சிங்க் பக்கத்தில் இருந்த இரண்டு பாத்திரத்தையும் தேய்த்துவிட்டேன், அம்மா சார்பாகக் கேட்கப்போகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன் :-)